வண்ணத்துப்பூச்சி மலை

எருக்கஞ்செடியை அறியாத தமிழர் இரார். குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும், ஒருவரும் நீர் வாராமலே தழைத்து நிற்பது அது. பிள்ளையார் சதுர்த்தியன்று அதன் பூவுக்கு ஒரு மதிப்பு உண்டாகும். மற்ற நாட்களில் அதனை ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. அதன் பால் கண்ணிற் பட்டால் கேடு என்று தாய்மார் பிள்ளைகளை எச்சரிப்பர். அத்தகைய நச்சுச் செடியையே தாய்வீடாகக் கொண்ட உயிர் ஒன்று உண்டு. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியிட்ட புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கலாம். சில நாட்களில் அதுவே செம்மஞ்சள் நிறச் சிறகும் கருங்கரையும் உடைய வண்ணத்துப்பூச்சியாகி வெளிப்படும். வெந்தய வரியன் என்று அதனை இன்று வழங்குகின்றனர்.

இந்த வெந்தய வரியனுக்கு அமெரிக்கக் கண்டத்தில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதற்கு மோனார்க் என்று பெயர். மன்னன் என்பது அச்சொல்லின் பொருள். அதன் புழுவும் எருக்கின் இனத்தைச் சேர்ந்த செடிகளையே தின்று வளர்வது. செடியின் நஞ்சைத் தன் உடலிலே சேர்த்து வைத்துக்கொள்வதால், அதனைத் தின்ற பறவை வாந்தியெடுத்து வருந்தும். மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். இவ்வளவில் இரண்டும் உறவினரே. ஆனால் ஒரு செய்தியில் மோனார்க்குக்கு நிகர் அதுவேதான். கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும் பிறந்து, இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, சில வேளைகளில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, மெக்ஸிகோ நாட்டின் நடுவிலுள்ள சில மலைச்சரிவுகளை அடைந்து, அங்கே மரங்களைப் பற்றிக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் கழிக்கிறது. அரை கிராம் எடையுள்ள பூச்சி செய்யும் வேலை இது.

நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகள் வீட்டோடு கிடப்பவை என்று எண்ணிவிட வேண்டா. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னே மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மீண்டும் மேற்கே மலைக்கும், நீலக் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட வரியன்கள் கூட்டங்கூட்டமாகச் செல்வதைக் கோவைப் பக்கத்தார் அறிவர். அதன் வரலாறு தனியே பேசத் தக்கது. இன்று நான் பேச வந்தது மெக்ஸிகோ மலையைப் பற்றி. அதிலும், அந்த மலையை யார் கண்டுபிடித்தார் என்ற கேள்வியைப் பற்றி.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அம்மலைக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மெக்ஸிகோ நகரத்திலிருந்து மேற்கே மிச்சோவகான் மாநிலத்துக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் அங்கங்கேயோ என்னும் ஊரை அடைந்தோம். வெள்ளிச் சுரங்கத்தால் வாழ்ந்து, சுரங்கம் ஓய்ந்தபின் தளர்ந்த ஊர் அது. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெருமழை பெய்து, மலைச்சரிவு பெயர்ந்து சேறும் கல்லுமாக இறங்கி ஊரின் ஒரு பகுதியைப் புதைத்தது, பலர் மாண்டனர். அவ்வூரிலிருந்து எல் ரொசாரியோ என்னும் சிற்றூருக்குச் சென்றால் சரணாலயத்தின் வாயிலை அடையலாம். வாயிலருகே பெண்கள் அடுப்பு மூட்டி, நீலநிற மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைத்தெருவைப் போன்ற காட்சி.

உள்ளே செல்பவர் வழிகாட்டி ஒருவருடன்தான் செல்ல வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் அறுபது வயதைக் கடந்த முதியவர். அவருக்கு ஸ்பானிய மொழி. எனக்கு அது தெரியாது. உடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் இடையே நின்று மொழிபெயர்த்தார். உதகையின் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயரம். இங்கே பூச்சிகள் தங்கும் இடமே 3,000 மீட்டருக்கு மேல். நூறு படி ஏறினால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. முதியவரோ பேசிக்கொண்டே ஏறினார். ஓரிடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார்.

ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றின் கிளைகளில் பழுப்பேறிய சருகுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. ஊசியிலை மரத்துக்குச் சருகு எங்கிருந்து வந்தது என்று நான் எண்ணவில்லை. மாணவரின் காதருகே குனிந்து, “பூச்சிகள் எங்கே?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு மேலே காட்டினார். சருகு என்று நான் கண்டவையெல்லாம் அவையே. சிறகை மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடிமரம் முதல் கிளை நுனி வரையில் மரத்தைப் போர்த்தியிருந்தன. பாரம் தாங்காமல் கிளைகள் தாழ்ந்திருந்தன. சிறகின் அடிப்புறம் வெளிறிய நிறம்; ஆதலால்தான் என் கண் ஏமாந்தது. சிறிது நேரத்தில் மேகம் விலகி வெயில் விழுந்தது. வெயில் தொட்ட கிளை முதலில் செம்மஞ்சளாக மாறிற்று. பின்பு அப்படியே உதிர்ந்து காற்றில் எழுந்தது. ஆயிரமாயிரம் சிறகுகள் அசையும் ஓசை மெல்லிய தூறல் இலைமேல் விழுவது போல் கேட்டது. வண்ணத்துப்பூச்சி பறப்பதற்கு ஓசை உண்டு என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

குளிருக்கு அஞ்சி வடக்கிலிருந்து ஓடி வந்த பூச்சி, ஏன் மீண்டும் குளிர்ந்த மலையுச்சியையே தேடுகிறது? வெப்பமான இடத்தில் தங்கினால் உடல் ஓயாமல் இயங்கும். வரும் வழியில் பூந்தேன் குடித்துச் சேர்த்த கொழுப்பு சில வாரங்களிலே கரைந்துவிடும். மிகவும் குளிர்ந்தாலோ உறைந்து மடியும். உறையாமலும் இயங்காமலும் இருக்கத்தக்க ஓர் இடைநிலைக் குளிர் வேண்டும். அது இம்மலைத்தொடரில் குறிப்பிட்ட உயரத்தில், அடர்ந்த ஓயமெல் காட்டின் உள்ளே மட்டும் அமைந்திருக்கிறது. இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறாதபடி மரக்கூரை போர்வையாகிறது. மழை நனைக்காதபடி குடையாகிறது. நனைந்த பூச்சி உலர்ந்த பூச்சியை விடச் சிறு குளிரிலேயே உறைந்துபோகும். 2002ஆம் ஆண்டு ஜனவரியில் மழை பெய்து, அதை அடுத்துக் கடுங்குளிர் வந்தபோது, ஆராயப்பட்ட இரண்டு இடங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பூச்சிகள் மடிந்து தரையில் குவிந்தன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். ஆகவே ஒரு மரத்தை வெட்டுவது போர்வையில் ஒரு கிழிசல் உண்டாக்குவதாகும். பின்னே சொல்லப்போகும் வழக்குக்கெல்லாம் வேர் இதுவே.

இனி வரலாற்றுக்கு வருவோம். கலிபோர்னியாக் கடற்கரையில் மோனார்க்குகள் குளிர்காலத்தில் மரங்களில் கூடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அவை ராக்கி மலைக்கு மேற்கே வாழ்பவை. மலைக்குக் கிழக்கே வாழும் கோடிக்கணக்கான பூச்சிகள் இலையுதிர் காலத்தில் எங்கே போகின்றன என்பது மட்டும் அறிவியலார்க்கு விளங்காமல் இருந்தது. இக்கேள்வியைச் சிறுவயதிலேயே மனத்திற் கொண்டவர் கனடா நாட்டு டொராண்டோவில் 1911ஆம் ஆண்டில் பிறந்த பிரெட் அர்க்கர்ட். பின்னாளில் அவர் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அவரும் அவர் மனைவி நோராவும் இதற்காகச் செலவிட்ட ஆண்டுகள் ஏறக்குறைய நாற்பது.

ஒரு பூச்சி எங்கே போகிறது என்று அறிய அதன்மேல் அடையாளம் இட வேண்டும். பறவையின் காலில் வளையம் பூட்டலாம். வண்ணத்துப்பூச்சிக்கு எதைப் பூட்டுவது? அஞ்சல்தலை போன்ற பசைத்தாளைச் சிறகில் ஒட்டிப் பார்த்தனர். மழை பெய்ததும் தாள்கள் உதிர்ந்து போயின. கடைகளில் கண்ணாடிப் பொருள்களின்மேல் விலை எழுதி ஒட்டும் சீட்டு இருக்கிறதே, அதுதான் கடைசியில் கைகொடுத்தது. சிறகின் முன்விளிம்பில் உள்ள செதில்களை மெல்லத் துடைத்துவிட்டுச் சீட்டை மடித்து ஒட்டினர். ஓர் எண்ணும், டொராண்டோப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்புக என்னும் வேண்டுகோளும் அதில் இருந்தன. பெரிய ஆராய்ச்சிகள் சில வேளைகளில் மளிகைக் கடைச் சரக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்!

இருவர் எத்தனை பூச்சிகளுக்குச் சீட்டு ஒட்ட முடியும்? 1952ஆம் ஆண்டில் நோரா ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதித் தொண்டர்களுக்கு அழைப்பு விடுத்தார். பன்னிருவர் முன்வந்தனர். இருபது ஆண்டுகளுக்குள் அத்தொகை நூற்றுக்கணக்காகப் பெருகியது. ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலரும் அதில் இருந்தனர். எங்கோ ஒருவர் சீட்டு ஒட்டுவார். வேறெங்கோ ஒருவர் அப்பூச்சியை வயலிலோ சாலையோரத்திலோ கண்டெடுத்து அனுப்புவார். டொராண்டோவில் தேசப்படத்தின்மேல் கோடு கிழிக்கப்படும். கோடுகள் பெருகப் பெருக அவையெல்லாம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சென்று, டெக்ஸாஸ் மாநிலத்தைத் தாண்டி மெக்ஸிகோவை நோக்கின. அதற்கப்பால் தொண்டர் இல்லை. ஆதலால் கோடும் இல்லை.

1972ஆம் ஆண்டில் நோரா மெக்ஸிகோ நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதி உதவி கேட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் கென் புரூகர் என்பவரிடமிருந்து பதில் வந்தது. அவர் மெக்ஸிகோ நகரத்தில் வேலை பார்த்துவந்த அமெரிக்கர். மிச்சோவகான் மாநிலத்திலே பிறந்த இளம்பெண் கத்தலினா அகுவாடோ அவருடன் சேர்ந்துகொண்டார். 1974ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். வண்டியில் ஊரூராகச் சென்று, மலைவாழ் உழவரிடமும் மரம் வெட்டுவோரிடமும் விசாரித்துத் தேடினர். ஊராரிடம் அவர்கள் மொழியிலே பேசும் திறம் கத்தலினாவுக்கு உரியது. 1975ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், மொட்டைமலை என்று பொருள்படும் செர்ரோ பெலோன் மலையில் அவர்கள் அக்கூட்டத்தைக் கண்டனர். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் செய்தி டொராண்டோவை எட்டியது. இதில் ஒரு விந்தை. புரூகர் நிறக்குருடர். செம்மஞ்சள் நிறத்தால் உலகப்புகழ் பெற்ற அக்காட்சியின் நிறத்தை அவர் கண்டதே இல்லை. அன்று அந்நிறத்தைக் கண்டவர் கத்தலினா.

1976ஆம் ஆண்டு ஜனவரியில் அர்க்கர்ட் தம்பதியர் நேரே வந்தனர். பேராசிரியருக்கு வயது அறுபத்து நான்கு. மூச்சு வாங்க ஏறிச் சென்று அமர்ந்திருந்தபோது, பாரம் தாங்காத மரக்கிளையொன்று ஒடிந்து விழுந்தது. சிதறிய பூச்சிகளின் நடுவே ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு தெரிந்தது. அது சில மாதங்களுக்கு முன், 1975ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மாணவர் இருவர் ஒட்டியது. ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கடந்து வந்திருந்தது. அதுவரையில் இது ஒரு ஊகம். அந்த நொடியில் ஊகம் உண்மையாயிற்று. மாணவர்களே, நாற்பதாண்டு ஆராய்ச்சிக்குச் சான்று எழுதிய கைகள் பள்ளிப் பிள்ளைகளின் கைகள் என்பதை நான் மிகவும் விரும்பிச் சொல்கிறேன்.

அவ்வாண்டு ஆகஸ்டில் நேஷனல் ஜியாகிரபிக் சஞ்சிகை இச்செய்தியை வெளியிட்டது. அட்டையில் வண்ணத்துப்பூச்சிகள் சூழக் கத்தலினா நின்றார். அவர் முகம் உலகெங்கும் சென்றது. ஆயினும் இக்கதையைப் பின்னர் எழுதியோர் பலர் பேராசிரியரின் பெயரையும் புரூகரின் பெயரையும் முன்னே வைத்து, அவரைப் பின்னே நிறுத்திவிட்டனர். அட்டையில் இடம் பெறுவது வேறு, வரலாற்றில் இடம் பெறுவது வேறு போலும்.

மலை எங்கே இருக்கிறது என்பதை அர்க்கர்ட் அக்கட்டுரையில் தெளிவாகச் சொல்லவில்லை. கூட்டம் திரண்டு வந்து பூச்சிகளைக் குலைத்துவிடும் என்பது அவர் அச்சம். மோனார்க்கின் நஞ்சைப் பற்றி ஆராய்ந்து பெயர்பெற்ற லிங்கன் பிரவர் என்னும் அறிஞர் இடத்தைக் கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. பிரவரின் குழுவினர் கட்டுரையில் இருந்த சிறு குறிப்புகளைக் கொண்டு, சில மாதங்களுக்குள் தாமே தேடி மலைத்தொடரை அடைந்தனர். இரு தரப்பாருக்கும் மனவேறுபாடு நெடுநாள் நீடித்தது. மறைத்தது சரியா, தவறா? கூட்டத்தைப் பற்றிய அச்சம் பொய்யன்று; நான் நின்ற அன்று என் முன்னும் பின்னும் மக்கள் வரிசை. ஆனால் ஒருவருக்கும் தெரியாத காட்டைக் காக்குமாறு யாரிடம் வேண்டுவது? பிரவர் தாம் கண்டதை எழுதியும் பேசியும் காட்டின் அழிவை உலகுக்கு உணர்த்தியதால்தான் பாதுகாப்பு முயற்சிகள் வலுப்பெற்றன. அவர் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் எண்ணம்.

இக்கதையை நான் அந்த மலைச்சரிவிலே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கும் வழியில் முதியவரிடம், “ஐயா, 1975இல் இவை கண்டுபிடிக்கப்பட்டபோது தாங்கள் சிறுவராக இருந்திருப்பீர்களே?” என்று மாணவர் வாயிலாகக் கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. சற்றுத் தூரம் நடந்து, பிறகு சொன்னார்: “ஐயா, என் பாட்டனார் இந்தக் காட்டில் மாடு மேய்த்தவர். பூச்சி வந்துவிட்டது, இனி இரவில் குளிரும், விறகு சேர்த்து வை என்று பாட்டியிடம் சொல்வார். இவை தொலைந்தே போகவில்லையே, கண்டுபிடிப்பானேன்?”

நான் நாணினேன். அவர் சொல்லுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. இம்மலைத்தொடருக்கு அருகே கொன்டெபெக் என்னும் ஊரில் 1940ஆம் ஆண்டில் பிறந்த கவிஞர் ஒமேரோ அரிட்ஜிஸ், தம் ஊர் மலைக்கு ஆண்டுதோறும் இப்பூச்சிகள் வருவதைச் சிறுவயதிலே கண்டவர். கனடாவில் பேராசிரியர் தேசப்படத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் மெக்ஸிகோ மக்கள் இறந்தோர் நாளைக் கொண்டாடுகின்றனர். நம் மகாளயம் போன்ற வழிபாடு. சரியாக அந்நாட்களை ஒட்டியே பூச்சிகள் மலைக்கு வந்து சேர்கின்றன. மாண்ட முன்னோரின் ஆவிகளே இவ்வடிவில் வருகின்றன என்று நம்புவோர் இப்பகுதியில் உண்டு. ஊரார்க்குத் தெரியாதது ஒன்றே: அவை எங்கிருந்து வருகின்றன என்பது. டொராண்டோக்காரருக்குத் தெரியாததும் ஒன்றே: அவை எங்கே போகின்றன என்பது. ஒரே பயணத்தின் இரு முனைகளை இரு நாட்டார் பிடித்துக்கொண்டிருந்தனர். 1975இல் நிகழ்ந்தது அவ்விரு முனைகளையும் முடிந்த செயல். அது பெருஞ்செயலே. அதற்குச் சரியான சொல் எது என்பதை உங்கள் தமிழாசிரியரைக் கேளுங்கள்.

முடிந்த பின் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரிட்ஜிஸ் 1985ஆம் ஆண்டில் எழுத்தாளர், கலைஞர் பலரைக் கூட்டி நூறுபேர் குழு என்னும் அமைப்பை உண்டாக்கினார். அவர்களுடைய வற்புறுத்தலால் 1986ஆம் ஆண்டில் மெக்ஸிகோ அரசு ஐந்து மலைப்பகுதிகளைப் பாதுகாப்புக்கு உரியவை என்று அறிவித்தது; மொத்தப் பரப்பு 16,110 ஹெக்டேர். 2000ஆம் ஆண்டில் அது 56,259 ஹெக்டேராக விரிவாக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஏட்டில் படிக்கும்போது இது வெற்றி வரலாறு. ஆனால் அக்காடு யாருடையது? 1910ஆம் ஆண்டில் தொடங்கிய மெக்ஸிகோப் புரட்சியின் பயனாக, பெருநிலக்கிழாரிடமிருந்த நிலங்கள் உழவர் கூட்டங்களுக்குப் பொதுவுடைமையாக வழங்கப்பட்டன. அவ்வகை நிலத்தை எஹிதோ என்பர். இம்மலைக்காடுகளிற் பெரும்பகுதி எஹிதோக்களுக்கும் பழங்குடி ஊர்களுக்கும் உரியது. பாட்டன்மார் போராடிப் பெற்ற நிலம் அது. மரமே அவர்கள் பிழைப்பு. 1986இல் ஒரு நாள், உங்கள் காட்டில் நீங்கள் மரம் வெட்டலாகாது என்று ஆணை வந்தது. ஈடாக ஒன்றும் வரவில்லை. பூச்சிக்கு வீடு, எங்களுக்குப் பசியா என்று அவர்கள் கேட்டதில் தவறு காண என்னால் இயலவில்லை. ஆணைக்குப் பின்னும் கோடாரியின் ஓசை நிற்காததற்கு இது ஒரு காரணம். 2000ஆம் ஆண்டில்தான் வெட்டாது விட்ட மரத்துக்காக ஊரார்க்குப் பணம் தரும் நிதியம் ஒன்று ஏற்பட்டது. எல் ரொசாரியோ போன்ற ஊர்களுக்கு வருவோர் தரும் கட்டணமும், குதிரைக் கூலியும், ரொட்டிக் கடையும் ஓரளவு கைகொடுத்தன. வருவோர் குறைவான ஊர்களுக்கு அதுவும் இல்லை.

எங்கள் முதியவரும் மரம் வெட்டியவரே. “இருபது வருஷம் வெட்டினேன், இருபது வருஷமாகக் காக்கிறேன், கணக்கு இன்னும் சரியாகவில்லை” என்றார். எல் ரொசாரியோவின் நிர்வாகியாக இருந்த ஒமேரோ கோமெஸ் கொன்சாலெஸ் அவ்வாறே மரத்தொழிலில் இருந்து காவலராக மாறியவர். பூச்சிகள் தம்மைச் சூழ்ந்து பறக்க நின்று அவர் வெளியிட்ட படக்காட்சிகளைப் பல நாட்டார் கண்டனர். 2020ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாளுக்குப் பின் அவரைக் காணவில்லை. அம்மாத இறுதியில் ஒரு நீர்த்தேக்கக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். நீரில் மூழ்கி இறந்தார் என்றும், தலையில் அடிபட்டிருந்தது என்றும் பிணப்பரிசோதனை கூறியது. அவர் பெயரைச் சொன்னபோது முதியவர் தொப்பியைக் கழற்றினார், வேறொன்றும் பேசவில்லை.

பூச்சிகளின் தொகையைத் தனித்தனியே எண்ண முடியாது. அவை போர்த்தியிருக்கும் காட்டின் பரப்பை அளந்தே கணக்கிடுகின்றனர். 1996-97ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அப்பரப்பு ஏறத்தாழ 18 ஹெக்டேர், அதாவது 45 ஏக்கர். 2013-14இல் 0.67 ஹெக்டேர், ஒன்றேமுக்கால் ஏக்கர்கூட இல்லை. 2023-24இல் 0.90 ஹெக்டேர். நான் சென்ற குளிர்காலத்தில் 1.79 ஹெக்டேர். மலைக்காட்டின் அழிவு மட்டும் இதற்குக் காரணமன்று. வடக்கே அமெரிக்கச் சோள வயல்களிலும் சோயா வயல்களிலும், 1990களின் நடுவிலிருந்து, களைக்கொல்லிக்கு மடியாத பயிர்வகைகள் பரவின. பயிர் பிழைத்தது, வரப்பிலும் சாலிலும் தானாக வளர்ந்த எருக்கின் இனச்செடி மடிந்தது. முட்டையிட இலை இல்லை. தெற்கே ஏழை உழவனின் கோடாரியைக் குறித்து உலகம் பேசிய அளவு, வடக்கே செல்வ உழவனின் மருந்துத் தெளிப்பைக் குறித்து நெடுநாள் பேசவில்லை. வறட்சியும், பருவம் தவறிய வெப்பமும் தம் பங்கைச் செய்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.

இத்தனைக்கும் நடுவே, வழிதெரியாமல் வழிசெல்லும் அதிசயம் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. கோடையிற் பிறக்கும் மோனார்க் சில வாரங்களே வாழும். இலையுதிர் காலத்தை ஒட்டிப் பிறப்பது மட்டும் எட்டு ஒன்பது மாதம் வாழ்ந்து, தெற்கே வந்து, மார்ச்சில் மீண்டும் வடக்கே புறப்பட்டு, டெக்ஸாஸ் பக்கத்தில் முட்டையிட்டு மடிகிறது. அதன் மக்களும் பேரரும் மேலும் வடக்கே செல்வர். அடுத்த இலையுதிர் காலத்தில் தெற்கே வருவது கொள்ளுப்பேரன் தலைமுறை. வழியைக் கண்டதில்லை, கண்டவர் எவரும் உயிரோடு இல்லை. ஞாயிற்றின் திசையையும் தன் உணர்கொம்பிலுள்ள உயிர்க்கடிகாரத்தையும் பொருத்திப் பார்த்து அது தெற்கை அறிகிறது. உணர்கொம்புக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் திசை தவறுகிறது என்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அதே மலையை, அதே சரிவை எவ்வாறு அடைகிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

மலையடிவாரத்தை நெருங்கியபோது பாதை நடுவே ஒரு பூச்சி சிறகு விரித்துக் கிடந்தது. மிதிபட்டுவிடுமே என்று குனிந்து எடுக்கப் போனேன். முதியவர் என் கையைத் தடுத்தார். உள்ளங்கையை அதன்மேல் குவித்து, வாயை அருகே வைத்து, நாலைந்து முறை மெல்ல மூச்சு விட்டார். குளிரில் விறைத்திருந்தது அது. சிறகு ஒருமுறை துடித்தது. பின்பு மற்றொரு முறை. பாதையோரத்தில் வெயில் விழுந்த ஒரு செடிமேல் அதை ஏற்றி வைத்துவிட்டு, “அடுத்த மாதம் போய்விடும்” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. வாயிலில் அடுத்த கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அவர் மறுபடியும் மலையேறத் தொடங்கினார்.